போறன் என்று சொன்ன தோணிக்காரன்

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் சாருஜனின் கண்ணை நினைத்து உங்களில் பலர் கலங்கியிருப்பீர்கள். எல்லாவற்றையும் அழுது தீர்த்துவிடாதீர்கள். இந்த வாரத்துக்கும் கொஞ்சம் தேவைப்படும்.

சைக்கிள் கடையில் இரும்பு தேய்க்கும்போது தெறித்த துகள் அவனுடைய வலக் கண்ணுக்குள் போய் இருந்துகொண்டது. கொழும்புக்குக் கொண்டுபோனால்தான் கண் தப்பும் என்று டாக்குத்தர் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் வெளியே போக முடியாது. தாய் சிவலட்சுமிக்கு வயது கூடிவிட்டது, அவருடைய பிணை செல்லாது என்று பாஸ் கொடுக்கிற கந்தோரில் சொல்லிவிட்டார்கள். ஆகவே அக்கா அருந்ததிதான் கையெழுத்து வைக்கவேண்டும் என்றானது. அவளும் உடனே தலையாட்டிவிட்டாள்.

தலையாட்ட அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. தம்பி இரண்டு கிழமையில் வந்துவிடப் போகிறான். அவளுக்கும் வவுனியாவில் வாத்தியாராக இருக்கிற பரமலிங்கத்துக்கும் ஆவணியில்தான் கலியாணம். மாசி இன்னும் முடியவில்லை. இரண்டு இடத்துச் சம்பந்தங்கள் வாசல்வரை வந்து திரும்பிப் போனபிறகு, முப்பத்திரண்டு வயதில் பொருந்தி வந்த கலியாணம் அது. அந்த மனிதரை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லியதில்லை. உங்களிடம் நான் சொல்லிவிட்டேன்.

அன்றைக்குப் பின்னேரம் பாஸ் கந்தோருக்குப் போகவேண்டும். அதற்கு முன்னால், காலையில், "ஒருக்கால் கதவுக்கு வாங்கோ அக்கா, கடைசியா ஒரு விளையாட்டு" என்று சாருஜன் கூப்பிட்டான்.

கதவு என்பது உண்மையிலேயே கதவுதான். சண்டையால் பரந்தனை விட்டு எல்லோரும் ஓடிவந்த ஆடி மாதத்தில், மற்றவர்கள் நெல்லையும் கோழியையும் ஏற்ற, சிவலட்சுமி மட்டும் வீட்டு முன்கதவைக் கழற்றி வண்டிலில் ஏற்றுவித்தார். வந்து சேர்ந்த இடத்தில் கதவு போட வீடு இல்லை. தறப்பாள் கொட்டிலுக்குக் கதவு எதற்கு? அதனால் அதைப் பாலைமரத்தின் கீழ் நாலு கட்டையில் கிடத்தி மேசையாக்கினார்கள். அந்த மேசையில் பள்ளிக்கூடச் சோக்கால் அருந்ததி ஒரு நாட்டையே வரைந்து வைத்திருந்தாள்.

ஏழாற்று நாடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மேல்நோக்கி ஓடுகிற ஆறு அங்கே உண்டு. உச்சி வெயிலில் மட்டும் பேசுகிற ஊமத்தங்காடு உண்டு. தங்கள் நிழலை அடகு வைத்து அரிசி வாங்குகிற சனங்கள் உண்டு. அவர்களுக்கு வெயிலில் வெளியே வர வெட்கம். எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை, எந்த அரசிக்கு யாரோடு கோபம், எந்த மலையில் பூதம் எதைச் சாப்பிடும் என்று எதைக் கேட்டாலும் அருந்ததியிடம் பதில் இருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கூட இருந்த பெண் ஒருத்தியின் சித்தப்பா இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த விளையாட்டு அது. ஒருவர் நாட்டைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி அதற்குள் நடந்து திரிவார்கள். விதிப் புத்தகம் அந்தப் பெண்ணோடு போய்விட்டது. அருந்ததியிடம் மிஞ்சியது ஞாபகம் மட்டும். கார்த்திகை மழைக்குப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது அதை வைத்துக்கொண்டு தன் நாட்டைத் தானே கட்டத் தொடங்கினாள்.

வெல்வதா தோற்பதா என்ற சந்தேகம் வந்தால் பாதியாகப் பிளந்த புளியங்கொட்டைகள் ஆறைக் குலுக்கிப் போடுவார்கள். வெள்ளைப் பக்கம் எத்தனை விழுகிறதோ அத்தனை பலம். மற்றபடி ஒரே விதிதான். வாயால் சொன்னால் செய்ததாகக் கணக்கு.

இந்த விதியால் வந்த வினை ஒன்றை முதலில் சொல்லவேண்டும். பக்கத்துக் கொட்டில் ஞானேஸ்வரிக்கு ஐம்பது வயது. வாழ்க்கையில் ஒரு தேங்காய்கூடத் திருடாதவர். விளையாட்டில் அவர் கறுப்பி என்ற பெரிய கள்ளி. ஒருநாள் பூதத்தின் குகைக்குள் புகுந்து அதன் முத்துமாலையைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, வெளியே வரும்போது பழக்கதோஷத்தில் பூதத்தைப் பார்த்து, "அப்ப நான் போட்டு வாறன்" என்று விடைபெற்றுவிட்டார்.

"வாறன் எண்டு சொன்னா வரவேணும் ஞானக்கா" என்றாள் அருந்ததி.

"ஐயோ பிள்ளை, அது சும்மா வாய்ப்பழக்கம்! ஆரும் போறன் எண்டு சொல்லுவினமே?"

யாரும் சொல்லமாட்டார்கள்தான். நம் சனங்கள் செத்த வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் எழும்பிப் போவார்கள். மற்ற எங்கே போனாலும் போட்டு வாறன்தான். அன்றைக்குக் கறுப்பி மறுபடி பூதத்திடம் போய் அடிபட்டு வந்தாள். ஆனால் உயிரோடு வந்தாள். அன்றிலிருந்து அது ஏழாற்று நாட்டின் சட்டமாகிவிட்டது. போட்டு வாறன் என்று சொன்னவரை ஆறு எப்படியும் திருப்பிக் கொண்டுவந்து விடும். போறன் என்று சொன்னவர் போனவர்தான். இந்த மூன்று மாதத்தில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

அன்று காலை கதவைச் சுற்றி நாலு பேர். அருந்ததி, வலக் கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டிய சாருஜன், ஞானேஸ்வரி, பக்கத்து வயல் சங்கிலி. சங்கிலியின் தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டியவர்கள். விளையாட்டில் அவர் ஈட்டிக்காரன். குசினிக்குள் சிவலட்சுமி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். இந்த விசர் விளையாட்டில் தனக்கு அக்கறை இல்லை என்று அவர் அடிக்கடி சொல்வார். ஆனால் பூதம் வருகிற நேரத்தில் திருவலைச் சத்தம் கொஞ்சம் குறையும்.

"உப்புவாசலுக்கு முன்னால நிக்கிறியள்" என்று தொடங்கினாள் அருந்ததி. "ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேரெண்டு உப்பு. வாசல் காவல்காரருக்குக் கண் இல்லை. காலடிச் சத்தத்தை வைச்சுத்தான் ஆளை அறிவினம்."

"உது ஆனையிறவுதானே?" என்றார் ஞானேஸ்வரி, அந்த உப்பளத்துக் காவலரண் ஞாபகத்தில்.

"ஆனையிறவில கண் இல்லாத காவல்காரர் ஆர் நிண்டவை, ஞானக்கா?"

சங்கிலி எழுந்தே நின்றுவிட்டார். "டீச்சர், வண்டிய எங்க நிப்பாட்டணும்? பாஸ் எங்க குடுப்பாங்க?"

"பாஸ் ஒண்டும் இல்லை சங்கிலியண்ணை. பேரைச் சொன்னாச் சரி."

"பேர மட்டும் சொன்னா விட்டுருவாங்களா?" சங்கிலிக்கு நம்பிக்கை வரவில்லை. "பூதத்த நம்பினேன் டீச்சர், இத நம்ப முடியல."

எல்லோரும் சிரித்தார்கள். சாருஜன் மட்டும் சோக்குக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். விளையாட்டில் அவன் மாறன் என்ற தோணிக்காரன். ஏழு ஆற்றிலும் தோணி விட்டவன்.

அருந்ததி குரலைக் கனமாக்கிக் காவல்காரனாக மாறினாள். "தோணிக்காரா, வாசலுக்கு அங்கால போக முந்தி, இஞ்சால நிக்கிற சனத்துக்கு என்ன சொல்லுறாய்?"

"போறன்."

ஞானேஸ்வரி வாயில் கையை வைத்தார். "தம்பி! என்ன கதை இது?"

"வாய் தவறிருச்சு டீச்சர்" என்றார் சங்கிலி அவசரமாக. "தம்பி, மாத்திச் சொல்லிருங்க."

அருந்ததியும் அப்படித்தான் நினைக்க விரும்பினாள். "காவல்காரனுக்கு இண்டைக்குக் காதும் மந்தம்" என்றாள். "திரும்பக் கேக்கிறான். தோணிக்காரா, என்ன சொன்னாய்?"

குசினியில் தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது.

"போறன் அக்கா."

காவல்காரனை யாராவது அக்கா என்பார்களா? அருந்ததி புளியங்கொட்டைகளைக் கூட்டி அள்ளி மூடி வைத்தாள். "இண்டைக்கு இவ்வளவும் காணும்" என்றாள். ஞானேஸ்வரியும் சங்கிலியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழும்பினார்கள். இருவரும் மறக்காமல் சொல்லிக்கொண்டு போனார்கள்.

சாருஜன் கிணற்றடிக்குப் போய் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அருந்ததி பின்னால் போனாள்.

"நீ திரும்பி வரப் போறேல்லை. என்ன?"

அவன் வாளிக் கயிற்றைக் கையில் சுற்றினான்.

"சாரு, உன்னைத்தான் கேக்கிறன்."

"கந்தோரில சொல்ல வேண்டிய பொய்யெல்லாம் பாடமாக்கி வைச்சிருக்கிறன் அக்கா. உங்களுக்குச் சொல்லவும் ஒண்டு பாடமாக்கினனான்." அவன் வாளியைக் கீழே வைத்தான். "மாறனை வைச்சுச் சொல்ல ஏலாமப் போச்சு. நீங்கள் கட்டின நாட்டில நிண்டுகொண்டு உங்களுக்கே பொய் சொல்லுறது எனக்கு என்னவோ போலக் கிடந்தது."

கண் வருத்தம் உண்மைதான். கொழும்பில் கண்ணைக் காட்டுவதும் உண்மைதான். அதற்குப் பிறகு ஜெர்மனியிலிருக்கும் மூத்த அண்ணன் யோகநாதன் அவனைத் தன்னிடம் எடுப்பிக்க ஆள் பிடித்து வைத்திருக்கிறான். அங்கிருந்து அப்படியே விமானம். எப்படியாவது கொழும்புக்கு வந்து சேர் என்று தை மாதமே ஆள்மூலம் சொல்லி அனுப்பிவிட்டானாம்.

"எனக்கு ஆவணியில கலியாணம் எண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு அக்கா." இருக்கிற ஒரு கண்ணும் நிரம்பிவிட்டது. "வாத்தியார் நல்ல மனுசன், பொறுத்திருப்பார் எண்டு அம்மா சொன்னவா."

அருந்ததிக்குத் தம்பியின் மேல் வந்த கோபம் அந்த இடத்தில் அப்படியே நின்றது. அம்மா சொன்னவா. அப்படியென்றால் அம்மாவுக்கும் தெரியும். கலியாணத்துக்குச் சீலை எடுக்க வவுனியாவுக்கு ஆள் அனுப்ப வேணும் என்று நேற்றுக்கூடக் கதைத்த அம்மாவுக்கு, எல்லாம் தெரியும்.

குசினிக்குள் சிவலட்சுமி திருவிய தேங்காய்ப்பூவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். மகளைக் கண்டதும் ஒளிக்கவில்லை. அதை அவருடைய பக்கத்துக்கு எழுதிவைக்க வேண்டும்.

"ஓம் பிள்ளை. நான்தான் உனக்குச் சொல்லவேண்டாம் எண்டனான்."

"ஏன் அம்மா?"

"சொன்னா நீ கையெழுத்து வைப்பியோ?"

"கேட்டுப் பாத்தியளே?"

சிவலட்சுமி தேங்காய்ப்பூவைக் கிளறினார். "அவனுக்குப் போனது ஒரு கண். இஞ்ச வைச்சிருந்தா முழு ஆளையும் சண்டைக்குப் பறி குடுத்திட்டு நிக்கவேணும். இந்த ஒழுங்கையில எத்தினை வீட்டில வளர்ந்த பெடியன் மிச்சம் இருக்கிறான், சொல்லு பாப்பம்? எனக்கு நித்திரை இல்லை பிள்ளை."

"நானும் நீங்கள் பெத்த பிள்ளைதானே அம்மா?"

"நீ சமாளிப்பாய்" என்றார் சிவலட்சுமி.

எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வீடு மூத்த பெண்பிள்ளைகளின் தலையில் வைக்கிற சொல் அது. தகப்பன் செத்தபோது படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவளுக்கும் இதைத்தான் சொன்னார்கள். முதல் சம்பந்தம் குழம்பியபோதும் இதுதான். அருந்ததி உண்மையிலேயே சமாளித்தாள், அதுதான் அவள் செய்த பிழை. இன்றைக்கு அவளால் முடியவில்லை. அடுப்படியில் குந்தியிருந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். தாய் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். அவள் தட்டிவிட்டாள்.

ஆனால் சிவலட்சுமியைத் திட்டி எனக்கு யாரும் எழுதவேண்டாம். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் கையைத்தான் பிடிக்கவேண்டும் என்ற நிலையில் நிற்கும்போது, எந்தக் கையைப் பிடிப்பது என்று நீங்களும் நானும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. கேட்காமல் பிடித்ததுதான் தாங்கமுடியவில்லை.

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் சாய்ந்தபோது அருந்ததி முகத்தைக் கழுவி, சைக்கிளை எடுத்து வெளியே வைத்தாள்.

"வா" என்றாள் தம்பியைப் பார்த்து.

"எங்க அக்கா?"

"கந்தோர் பூட்டப் போறாங்கள். ஏறு."

ஒற்றைக் கண்ணோடு அவனால் சைக்கிள் ஓட்ட முடியாது. பின் கரியரில் இருந்தான். குன்றும் குழியுமான கிரவல் தெருவில் அவள் உழக்கினாள். பாதி வழியில் சாருஜன்தான் தொடங்கினான்.

"அக்கா, நீங்கள் மாட்டன் எண்டு சொன்னா நான் கோவிக்க மாட்டன்."

"தெரியும்."

"பேந்து ஏன்?"

"அம்மா வந்து கேட்டிருந்தா மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன்." மேட்டில் மூச்சு வாங்கியது. "நீ என்னை ஏமாத்திப்போட்டுப் போயிருக்கலாம். போகேல்லை. அதுக்குப் பிறகு நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது? ஆவணிக்கு இன்னும் நாள் கிடக்கு. ஆவணிக்குள்ள ஏதாவது வழி பிறக்கும். அவரோட நான் ஆறுதலாக் கதைக்கிறன். நீ முதல்ல கண்ணைப் பார்."

அவன் அவளுடைய முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் வைப்பான்.

கந்தோரில் இருந்த இளைஞர் மரியாதையானவர். அவளிடம் படித்தவர்களில் ஒருவருடைய அண்ணன் என்று தானே அறிமுகப்படுத்திக்கொண்டார். டாக்குத்தரின் துண்டைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ரீச்சர், உங்களுக்கு விளங்கும்தானே. தம்பி வரும்வரைக்கும் உங்களுக்குப் பாஸ் தர ஏலாது."

"விளங்கும்."

"தம்பி வருவார்தானே?"

சாருஜன் நிலத்தைப் பார்த்தான். அருந்ததி இளைஞரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வருவான்" என்றாள்.

கையெழுத்து வைத்தாள். சாருஜனுக்குப் பாஸ் கிடைத்தது. நாளைக்குக் காலையில் புறப்படலாம்.

திரும்பி வரும்போது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மனம் பாரமாக இருக்கும் என்று நினைத்தாள், இருக்கவில்லை. தம்பி ஜெர்மனியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கும் கோலத்தைச் சொல்லிப் பகிடி பண்ணினாள். அவனும் சிரித்தான். பரமலிங்கத்துக்கு எப்படிச் சொல்லலாம் என்றுகூட மனதுக்குள் ஒழுங்குபடுத்திவிட்டாள். பங்குனி போகட்டும், சித்திரை போகட்டும், மெதுவாகச் சொல்லலாம். மனிதர் கதை கேட்கிறவர். பொறுமைசாலி. அவளுக்கு அவரைப் பற்றி நல்ல நம்பிக்கை இருந்தது.

ஒழுங்கை முகப்பில் சங்கிலி மாடுகளை ஓட்டிக்கொண்டு நின்றார். "டீச்சர், வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க. வெள்ளைச் சட்டை" என்றார்.

படலைக்கு வெளியே ஒரு சைக்கிள் சாய்த்திருந்தது. தெருப்புழுதி அப்பிக் கம்பி தெரியவில்லை. உள்ளே பாலைமரத்தின் கீழ், வீட்டில் இருந்த ஒரேயொரு கதிரையில் பரமலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். தலைமயிர், மீசை எல்லாம் செம்மண். அருந்ததியைக் கண்டதும் எழும்பினார். எழும்பிய வேகத்தில் தேத்தண்ணி கொஞ்சம் சட்டையில் சிந்தியது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோசம்தான் அது, வேறொன்றும் இல்லை.

"என்ன, சொல்லாமல் கொள்ளாமல்?"

"சொல்லி அனுப்ப ஆள் அம்பிடேல்லை. ஓமந்தையால வந்து சேருறதுக்குள்ள சீவன் போட்டுது." அவர் கோப்பையை வைக்க இடம் தேடி, சோக்கால் வரைந்த ஆறுகளைக் கண்டு, அழிந்துவிடும் என்று கையிலேயே வைத்துக்கொண்டார். "எனக்குத் திருகோணமலைக்கு மாற்றம் வந்திட்டுது. வாற மாதம் போய்ப் பொறுப்பெடுக்க வேணும். அங்க போனா ஆவணியில லீவு எடுக்கிறதெல்லாம் நடக்காத காரியம். அம்மா நாள் பாத்திட்டா. வாற வெள்ளிக்கிழமை, வவுனியாக் கோயிலில சின்னனா ஒரு தாலிகட்டு. உம்மைக் கையோட கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்."

அருந்ததிக்குப் பின்னால் சைக்கிள் விழுந்தது. சாருஜன் பிடியை விட்டுவிட்டான்.

"மாமியிட்டயும் சொன்னனான்" என்றார் பரமலிங்கம். "அவ வரட்டும் எண்டிட்டு அடுப்படிக்குள்ள போட்டா. சந்தோசத்தில கை கால் ஓடேல்லைப் போல."

சிவலட்சுமி குசினி வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. கண் மகளுடைய முகத்திலேயே இருந்தது. ஏதாவது சொல் பிள்ளை, எப்படியாவது இதைக் கடத்திவிடு என்று அந்தக் கண் கெஞ்சியது. அருந்ததிக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். அதற்கு அவள் எப்போதும் பணிந்துபோவாள்.

அவள் போய்ப் பரமலிங்கத்தின் பக்கத்தில் நின்றாள். கையைத் தொடவில்லை. ஆனால் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள், தாய்க்கு எதிரே.

"அம்மா, இவருக்கு நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

"நானோ?"

"ஓம். நீங்கள்தான்."

"அத்தான், நான் சொல்லுறன்..." என்று சாருஜன் முன்னுக்கு வந்தான்.

"நீ பொறடா" என்றார் சிவலட்சுமி. முந்தானையால் கையைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வாசலை விட்டு இறங்கி வந்தார்.

"தம்பி, இவள் உங்களோட வர ஏலாது. இவளை நான் கட்டிப்போட்டன்."

பரமலிங்கம் சத்தமாகச் சிரித்தார். மகளைப் பிரிய மனமில்லாமல் மாமி பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தார். மற்ற மூவரில் ஒருவரும் சிரிக்கவில்லை என்பது அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.